மிளகு விலையைப் படிப்பது எப்படி: லிட்டர் எடை முதல் கையிருப்புக் கணக்கு வரை

காபிக்கும் சர்க்கரைக்கும் நியூயார்க்கிலும் லண்டனிலும் முன்பேரச் சந்தை (பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) உண்டு. திரையைத் திறந்தால் ஒரு விலை தெரியும், அதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மிளகுக்கு இன்று அப்படி ஆழமான சந்தை எதுவும் இல்லை. கொச்சியில் 1957 முதல் மிளகு முன்பேரம் நடந்தது. 2004ல் அது என்சிடிஇஎக்ஸ் என்ற தேசியச் சந்தைக்கும் வந்தது. 2012 டிசம்பரில், சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்து, சரக்கு சீல் வைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு அந்த வணிகமும் நின்றது.

எனவே இன்று நம் கைக்கு வரும் மிளகு விலை எல்லாம் யாரோ ஒருவர் கேட்கும் விலை, அல்லது யாரோ ஒருவர் கொடுத்த விலை. ஜகார்த்தாவிலுள்ள சர்வதேச மிளகுக் குழுமம் அன்றாடம் வெளியிடும் பட்டியலும் பல நாட்டுச் சந்தைகளிலிருந்து திரட்டியதுதான். அந்த விலையில் அன்று ஒரு மூட்டைகூடக் கைமாறாமல் இருந்திருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த எண்ணையும் தொட வேண்டும்.

முதல் வேலை: எந்த மிளகின் விலை?

"வியட்நாம் மிளகு டன் 6,000 டாலர்" என்று ஒருவர் சொன்னால், உடனே கேட்க வேண்டியது "எத்தனை கிராம்?" என்பதுதான். கறுப்பு மிளகின் தரம் லிட்டர் எடையில்தான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் எவ்வளவு மிளகு கொள்கிறது என்பதே அளவு. வியட்நாம் சரக்கு 500 கிராம், 550 கிராம் என்று பேசப்படும். பிரேசிலின் ஆஸ்டா (அமெரிக்க மசாலா வணிகச் சங்கம்) தரம் 570. சுத்தம் செய்த மலபார் மிளகான எம்ஜி1 சுமார் 550. மணி முற்றாமல் பறித்திருந்தால் பொக்கு அதிகமாகி லிட்டர் எடை இறங்கிவிடும்.

அளக்கும்போது மிளகை ஒரே உயரத்திலிருந்து தானாக விழவிட வேண்டும். உருளையைத் தட்டவோ குலுக்கவோ கூடாது. குலுக்கினால் மணிகள் நெருங்கி உட்கார்ந்து எண் ஏறிவிடும். 520 கிராம் சரக்கு 540ஆகத் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான். மேல்மட்டத்தை நேரான விளிம்புள்ள ஒரு சட்டத்தால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு எடை போடுங்கள். மூன்று முறை அளந்து சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியை மூட்டையின் வாயிலிருந்து மட்டும் எடுத்தால் பயனில்லை. கனமான மணி கீழே இறங்கியிருக்கும், தூசியும் காம்பும் வேறு இடத்தில் கிடக்கும். குத்தூசியால் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஈரப்பதம். ஏற்றுமதிச் சரக்கு வழக்கமாக 12 முதல் 13 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரு சதவீத ஈரம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் 15 டன் லாட்டில் 12 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 13 இருந்தால், சுமார் 170 கிலோ தண்ணீருக்கு மிளகு விலை கொடுக்கிறீர்கள். மழை மாதங்களில் கன்டெய்னருக்குள் நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிப்பதும் இந்த ஒரு சதவீதத்தால்தான்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. ஓலியோரெசின் (மிளகின் காரமும் மணமும் அடங்கிய சாறு) எடுக்கும் ஆலைகளுக்கு லிட்டர் எடை பெரிதில்லை, காரச் சத்தான பைப்பரினும் எண்ணெயும்தான் முக்கியம். இலங்கை மிளகு பைப்பரின் மிகுந்தது என்பதால் அங்கே கணக்கே வேறு. பொக்கு மிளகுக்கும் அந்த ஆலைகளில் நல்ல கிராக்கி உண்டு. இலங்கை மிளகின் விலையை வியட்நாம் 500 கிராம் விலையோடு சேர்த்துப் பார்த்து "இலங்கையில் விலை ஏறுகிறது" என்று முடிவு கட்டுவது தவறு.

இரண்டாவது வேலை: எந்த இடத்து விலை?

தோட்ட வாசல் விலை, துறைமுகத்தில் கப்பலேற்றிய எஃப்ஓபி விலை, கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்து, வந்து சேரும் துறைமுகத்தின் சிஐஎஃப் விலை என மூன்றும் வேறு வேறு. இவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் வெறும் எடுத்துக்காட்டு, முறைதான் முக்கியம்.

வியட்நாம் உள்ளூர் விலை கிலோ 1,50,000 டாங், டாலருக்கு 26,000 டாங் என்று வைத்துக்கொள்வோம். டன் ஒன்றுக்கு 15 கோடி டாங். 26,000ஆல் வகுத்தால் 5,769 டாலர். அங்கே தோட்ட வாசல் விலை 15 சதவீத ஈரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஏற்றுமதிக்கு 12.5 சதவீதம் வரை உலர்த்தினால், 100 கிலோவில் மிஞ்சுவது 97.1 கிலோ (85ஐ 87.5ஆல் வகுத்தால் வருவது). ஆக ஒரு டன் உலர்ந்த சரக்கின் அடக்கம் 5,939 டாலர். சுத்தம் செய்தல், சாக்கு, துறைமுகம் வரை லாரி, வட்டி, ஏற்றுமதியாளர் லாபம் எல்லாம் சேர்த்து 250 டாலர் போட்டால் எஃப்ஓபி 6,190 அருகே வரும்.

இப்போது உங்களுக்கு வந்த விலைச்சீட்டு 5,900 என்று சொன்னால் காரணம் மூன்றில் ஒன்று. விற்பவர் முன்பே மலிவாக வாங்கிய சரக்கை வைத்திருக்கிறார். அல்லது விலை இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாத சரக்கை இப்போதே விற்கிறார். அல்லது தரம் நீங்கள் நினைத்தது இல்லை. இரண்டாவதுதான் ஆபத்து. விலை ஏறிவிட்டால் சரக்கு வராது. 2024ல் பல ஒப்பந்தங்கள் தள்ளிப்போனதும் முறிந்ததும் இப்படித்தான். கணக்குக்குக் கீழே வரும் விலையைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எஃப்ஓபியைக் கப்பல் வாடகையோடு சேர்க்கும்போது, மிளகு இடத்தை அடைக்கும் சரக்கு என்பதை மறக்கக் கூடாது. இருபது அடி கன்டெய்னரில் 13 முதல் 15 டன் வரைதான் கொள்ளும். வாடகை 3,000 டாலர் ஏறினால் டன்னுக்கு 200 டாலருக்கு மேல் கூடுகிறது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, ஐரோப்பாவில் மிளகு ஏறியதில் ஒரு பகுதி மிளகால் வந்ததல்ல, வழியால் வந்தது.

வெள்ளையும் கறுப்பும்

இரண்டும் ஒரே கொடியின் காய்தான். 100 கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஏறக்குறைய 33 கிலோ கறுப்பு மிளகு. அதையே பழுக்கவிட்டு, ஊறவைத்து, தோலுரித்தால் சுமார் 25 கிலோ வெள்ளை. 33ஐ 25ஆல் வகுத்தால் 1.32. வெள்ளை மிளகு விலை கறுப்பின் 1.32 மடங்குக்குக் கீழே போனால், ஊறவைக்கும் கூலியும் தண்ணீரும் தனி நட்டம், யாரும் வெள்ளை செய்யமாட்டார்கள். சில மாதத்தில் வெள்ளைக்குத் தட்டுப்பாடு வந்து இடைவெளி மறுபடி விரியும். இந்த விகிதத்தை வாரம் ஒருமுறை எழுதிவைப்பது சிறிய வேலை. பலன் பெரிது.

நாள்காட்டி

மிளகு அறுவடை ஆண்டு முழுவதும் உலகைச் சுற்றி வருகிறது. கேரளம், கர்நாடகத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை. வியட்நாமில் பிப்ரவரி முதல் மே வரை. வரத்தில் பெரும்பங்கு இதுதான். மலேசியாவின் சராவக்கில் ஆண்டின் நடுவில். இந்தோனேசியாவின் லாம்புங், பங்கா தீவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. எஸ்பிரிட்டோ சாந்தோ மாநிலத்தில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பறிப்பு உண்டு.

ஒவ்வொரு வரத்தும் தொடங்கும்போது விலை சற்று இறங்குவது இயல்பு. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்காமல் நின்றால் அதுதான் செய்தி. வியட்நாம் அறுவடை உச்சத்தில், மார்ச்சிலும் ஏப்ரலிலும் விலை ஏறுகிறது என்றால் விவசாயிகள் விற்கவில்லை என்று பொருள். 2024ல் அப்படித்தான் நடந்தது. ஜனவரியில் கிலோ 80,000 டாங் அளவில் இருந்த விலை அறுவடைக் காலத்திலும் ஏறிக்கொண்டே போய், ஜூன் நடுவில் 1,80,000ஐத் தொட்டது. பிறகு சில நாள்களிலேயே 1,50,000 அருகே சரிந்தது.

வியட்நாமின் டெட் புத்தாண்டு விடுமுறையில், அதாவது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ, விலைப்பட்டியல் அசையாமல் நிற்கும். அதை "சந்தை நிலையாக உள்ளது" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கடை பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையிருப்புக் கணக்கு: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

மிளகு மற்ற பல விளைபொருள்களைப் போல அழுகாது. 12 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தி, பாலித்தீன் உள்ளுறையோடு மூட்டை கட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விவசாயிக்கு அது வங்கிக் கணக்கு. ஆகவே ஓர் ஆண்டின் விளைச்சலை மட்டும் பார்த்து விலையைக் கணிக்க முடியாது. வீட்டு மாடியிலும் கிடங்கிலும் எவ்வளவு இருக்கிறது, வைத்திருப்பவர் எப்போது அவிழ்ப்பார் என்பதே விலையை நிர்ணயிக்கிறது.

யாரும் அந்த இருப்பை எண்ணிச் சொல்வதில்லை. சுங்க எண்களிலிருந்து நாம்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024ஐ எடுத்துக்கொள்வோம். வியட்நாம் விளைச்சல் மதிப்பீடு சுமார் 1,70,000 டன். பிரேசில், இந்தோனேசியா, கம்போடியாவிலிருந்து அது வாங்கியது சுமார் 35,000 டன். மொத்தம் 2,05,000. ஏற்றுமதியோ சுமார் 2,50,000 டன். இடைவெளி 45,000 டன். உள்நாட்டில் தின்றதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அவ்வளவும் பழைய இருப்பிலிருந்து போனது.

இந்தக் கழித்தலில் பலவீனமான கண்ணி விளைச்சல் மதிப்பீடு. வாங்குபவர்கள் விளைச்சலைக் கூட்டியும், விற்பவர்கள் குறைத்தும் சொல்வது வழக்கம். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கணக்கில் "இருப்பு தீர்ந்தது" என்று வந்தும் சரக்கு வந்துகொண்டே இருந்தால், உங்கள் விளைச்சல் எண் சிறியது. திருத்திக்கொண்டு தொடருங்கள்.

வைத்திருப்பவரின் கைபலம் அடுத்த கேள்வி. 2024ல் மத்திய மேட்டுநிலமான டாக் லாக், கியா லாய் விவசாயிகளுக்குக் காபியும் டூரியன் பழமும் நல்ல காசு கொடுத்தன. மிளகை அவசரமாக விற்கும் தேவை இல்லை. 2020ல் நிலைமை தலைகீழ்: விலை 35,000 டாங் அருகே விழுந்தும் கடன் அடைக்க விற்றார்கள். அதனால் மிளகு விலையைப் பார்ப்பவர் ரோபஸ்டா காபி விலையையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். காபி விலை சரிந்தால், சில மாதத்தில் மிளகு மூட்டைகள் அவிழ வாய்ப்புண்டு.

வாங்கும் பக்கத்தில் சீனாவைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்கா சீராக வாங்கும், சீனா அலையாக வாங்கும். வியட்நாமிலிருந்து 2023ல் சுமார் 60,000 டன் வாங்கிய சீனா, அடுத்த ஆண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை. அப்படியிருந்தும் விலை ஏறியது என்பது, அந்த ஆண்டு சரக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்குச் சான்று.

கொடியின் நினைவு

மிளகுக்கொடி நட்டு மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டில் முழு விளைச்சலுக்கு வரும். இன்றைய விலை பல ஆண்டுகளுக்கு முன் நட்டவர்களின் நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது. வியட்நாமில் 2010ல் சுமார் 50,000 ஹெக்டேராக இருந்த பரப்பு, 2017ல் ஒன்றரை லட்சமானது. 2015ல் அதன் சராசரி ஏற்றுமதி விலை டன் 9,000 டாலரைத் தாண்டியிருந்தது. நட்டது அந்த விலையைப் பார்த்துத்தான். அந்தக் கொடிகள் காய்த்தபோது ஏற்றுமதி 2,80,000 டன்னைத் தாண்டியது, 2020ல் சராசரி விலை 2,300 டாலர் அளவுக்கு விழுந்தது. பிறகு கவனிப்பாரின்றிக் கொடிகள் காய்ந்தன, ஃபைட்டோப்தோரா வாடல் நோயில் தோட்டம் தோட்டமாகப் போயின, அந்த நிலத்தில் டூரியன் ஏறியது. 2024ல் பரப்பு சுமார் 1,10,000 ஹெக்டேர்.

விலை ஏறியவுடன் "எல்லோரும் நடுவார்கள், மூன்றாண்டில் விழும்" என்று சொல்வது எளிது. நடுகிறார்களா என்று பாருங்கள். வேர்விட்ட தண்டுகளுக்கு நாற்றங்காலில் முன்பதிவு இருக்கிறதா, தாங்குமரமும் கான்கிரீட் தூணும் விலை ஏறுகிறதா, ஒரு ஹெக்டேர் மிளகு தரும் வருமானம் டூரியனைத் தாண்டுகிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் வரத்து வேகமாகத் திரும்பாது. பிரேசில் வேறு கதை. அங்கே நிலம் விரிந்தது, நீர்ப்பாசனத்தோடு நடுகிறார்கள். அடுத்த சரிவு வந்தால் அதன் விதை எஸ்பிரிட்டோ சாந்தோவில் இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

திடீர்த் தடைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகில் இருக்கக்கூடிய பூஞ்சை நச்சுகளுக்கு வரம்பு உண்டு: அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடாக்சின் 10, ஆக்ராடாக்சின் ஏ 15 என்பது உச்சவரம்பு. விறகுப் புகையில் உலர்த்திய மிளகு, புகையிலிருந்து படியும் ஆந்த்ராக்குயினோன் என்ற வேதிப்பொருளின் சோதனையில் தேறாமல் போகலாம். பிரேசில் சரக்குக்கு எல்லையில் சால்மொனெல்லா சோதனை கூடுதலாக உண்டு. இதனால் ஒரே 570 கிராம் மிளகுக்கும் "ஐரோப்பாவுக்குத் தேறியது", "தேறாதது" என இரண்டு விலை. தேறாத சரக்கு வேறு நாட்டுக்குப் போகும், அல்லது நீராவியில் கிருமி நீக்க வியட்நாம் ஆலைக்கு வரும். பிரேசில் விலை வியட்நாமை விடப் பல நூறு டாலர் மலிவாகத் தெரியும் நாள்களில், இந்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி கரைந்துவிடும்.

வரி அடுத்தது. 2017 டிசம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. உலக விலை 200 ரூபாய்க்கும் கீழே விழுந்த ஆண்டுகளிலும் இந்திய விலை 300க்கு மேலேயே நின்றதற்கு இது ஒரு காரணம். வேலி போட்ட சந்தையின் விலையை உலக விலையின் அறிகுறியாக எடுக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாமுக்கு 46 சதவீத வரி அறிவித்தது, ஆகஸ்டில் அது 20 ஆனது, பிரேசிலுக்கும் இந்தியாவுக்கும் 50 வரை போனது, நவம்பரில் மசாலாப் பொருள்கள் உள்ளிட்ட பல வேளாண் பொருள்களுக்கு விலக்கு வந்தது. இத்தகைய மாதங்களில் வாங்குபவர்கள் முன்கூட்டியே குவிப்பார்கள் அல்லது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏற்றுமதி எண்ணின் ஏற்ற இறக்கம் தேவையைக் காட்டாது, அச்சத்தைத்தான் காட்டும்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

சுங்கப் புள்ளிவிவரத்தில் 090411 என்பது முழு மிளகு, 090412 என்பது பொடித்தது. 090411க்குள் கறுப்பும் வெள்ளையும் கலந்தே இருக்கும். ஒரு மாதம் வெள்ளை அதிகம் போனால், எதுவும் ஏறாமலே "சராசரி விலை ஏறியது" என்று தெரியும். அமெரிக்கப் புள்ளிவிவரம் பத்து இலக்கம் வரை பிரித்து இரண்டையும் தனியாகத் தருகிறது. அங்கே சரிபார்க்கலாம்.

இன்று துறைமுகம் தாண்டும் சரக்கின் விலை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு முன் பேசியது. சந்தை திரும்பிய பின்னும் சுங்கச் சராசரி பழைய திசையிலேயே போகும். அதை வைத்து இன்றைய கொள்முதலை முடிவு செய்தால் ஒரு பருவம் பின்தங்குவீர்கள்.

மறு ஏற்றுமதி இரட்டைக் கணக்காகும். பிரேசில் மிளகு வியட்நாமுக்குப் போய் அங்கிருந்து ஜெர்மனி போனால், இரு நாட்டு ஏற்றுமதியிலும் அதே மூட்டை எண்ணப்படுகிறது. எல்லா நாட்டு ஏற்றுமதியையும் கூட்டி "உலக வரத்து" என்று எழுதுவதற்கு முன், விளைவிக்கும் நாடுகளின் இறக்குமதியைக் கழித்துவிடுங்கள்.

வாரந்தோறும் நிரப்ப ஒரு பக்கம் போதும். வியட்நாம் உள்ளூர் விலையும் டாங் மதிப்பும், அதிலிருந்து நீங்களே போட்ட எஃப்ஓபி, சந்தையில் கிடைத்த எஃப்ஓபி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி, பிரேசில் 570, லாம்புங் கறுப்பு, பங்கா தீவின் முண்டோக் வெள்ளை, வெள்ளை–கறுப்பு விகிதம், ரோபஸ்டா காபி, கன்டெய்னர் வாடகை. மாதம் ஒருமுறை வியட்நாம் மிளகு மற்றும் மசாலா சங்கத்தின் ஏற்றுமதி, இறக்குமதி எண்களைச் சேர்த்து, பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையாக எழுதுங்கள். ஒற்றை மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால், டெட் விடுமுறை ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே நகர்வதே முப்பது சதவீத ஏற்றமாகக்கூடத் தோன்றலாம்.

எல்லா எண்ணையும் டாலரிலும் உள்ளூர் நாணயத்திலும் இரண்டு முறை எழுதுங்கள். பிரேசில் ரியால் பலவீனமானால், டாலரில் விலை இறங்கியும் அங்குள்ள விவசாயிக்குக் கையில் வருவது குறையாது. அவர் தயங்காமல் விற்பார். டாலர் விலையை மட்டும் பார்த்து "இந்த விலைக்கு யாரும் விற்கமாட்டார்கள்" என்று காத்திருந்து, அந்த விலைக்கும் கீழே சரக்கு வருவதைப் பார்க்க நேர்வது இதனால்தான்.